மூக்கு வண்டிக்கு மாட்டிய கார்புரேட்டர்

போன மாதம் ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து மெயின்டனன்ஸ் மேனேஜர் போன் செய்தார். ஆலை வாசலில் அழகுக்கு நிறுத்துவதற்காக ஒரு பழைய தீயணைப்பு வண்டியை வாங்கியிருக்கிறார்களாம். மூக்கு நீண்ட, பெட்ரோலில் ஓடும் லாரி. ஆண்டு விழாவன்று அது ஸ்டார்ட் ஆகி, மணி அடித்துக்கொண்டு நாலடி நகர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கார்புரேட்டர் போய்விட்டது. "எதை வாங்கலாம், எப்படி மாட்டலாம்னு ஒரு பக்கத்துல எழுதி அனுப்புங்களேன். இந்த மாதிரி வண்டியில வேலை பார்த்தவர் இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான்னு சொன்னாங்க" என்றார்.

ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அந்த மாதிரி வண்டியின் பேச்சை எடுத்தாலே அதை ஓட்டிய ஏழுமலையின் பேச்சும் கூட வருகிறது. அதனால் நீண்டுவிட்டது. அவசரம் என்றால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நான் வந்தவாசிப் பக்கத்துக்காரன். எட்டாவது முழுப் பரீட்சைக்குப் போகாமல் வீட்டை விட்டுக் கிளம்பியவன். சேலத்தில் லாரிப் பட்டறை, பெல்லாரியில் கல் உடைக்கும் கிரஷர், ஒரு சர்க்கஸ் கம்பெனியின் ஜெனரேட்டர் லாரி, காசிமேட்டில் விசைப்படகு, பிறகு மறுபடி பட்டறை. பெட்ரோல் என்ஜினைக் கற்றது சர்க்கஸில். எங்கேயும் மூன்று வருஷம் தாண்டியதில்லை. சில இடங்களில் முதலாளி சரியில்லை, சில இடங்களில் என் வாய் சரியில்லை. இரண்டு இடங்களில் என் வேலையில் தப்பு வந்தது. தப்பு என்னுடையது என்று தெரிந்தால் யாரும் கேட்பதற்கு முன்னால் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். யாரும் துரத்திக்கொண்டு வந்ததில்லை. கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தபோது எனக்கு ஐம்பதை ஒட்டிய வயது. ஒரகடம் ரோட்டில் ஒருவர் சின்னதாக ஒரு தொழில் நடத்திக்கொண்டிருந்தார். அரசாங்க ஏலத்தில் எடுத்த இரண்டு தீயணைப்பு வண்டிகள், ஒரு தகர ஷெட், எட்டு ஆள். ஆலைகளில் கூரை மேல் வெல்டிங், டேங்கில் கேஸ் கட்டிங் என்று நெருப்பு வேலை நடந்தால் பக்கத்தில் ஒரு தண்ணீர் வண்டி நிற்க வேண்டும். அதற்கு வண்டியை வாடகைக்கு விடுவார். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை அந்த வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு வண்டி டீசல். மற்றொன்று இந்த மூக்கு வண்டி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். டீசல் என்ஜினாக மாற்றிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். மாற்றினால் பின்பக்கத்துத் தண்ணீர் பம்புக்குப் போகும் கியர் ஒத்து வராது. எனவே அந்தப் பழைய என்ஜினையே உயிரோடு வைத்திருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் சேர்ந்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் தணிகாசலம் சார். அரசு தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். "இந்த நட்டை முறுக்காம விட்டவர் யாருங்க? அவரு கொஞ்சம் இப்படி வாங்க" என்பார். கூப்பிடப்பட்டவனுக்கு அடி வாங்கினால் தேவலை என்று இருக்கும். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த ரிப்பேர் ஆனாலும் முடித்தவன் அவர் எதிரில் நின்று, கழற்றியது முதல் மாட்டியது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். "வாயால சொல்லுங்க" என்பார். எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார். சொல்லும்போது எங்கே வாய் தடுமாறுகிறதோ அங்கே பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அதன் பிறகுதான் தினசரி நோட்டில் ஏற்றுவார்.

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டு வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின கோடையில் மூக்கு வண்டியின் கார்புரேட்டர் படுத்துவிட்டது. ஐட்லிங் தானாக ஏறும், தானாக இறங்கும். கழற்றிப் பார்த்தால் த்ராட்டில் தண்டு தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. அந்த இடுக்கு வழியாக வேண்டாத காற்று உள்ளே போகிறது. அதுகூடப் பெரிதில்லை, புஷ் அடித்துச் சரி செய்யலாம். ஆனால் அடியில் போல்ட் இறங்கும் காதில் மயிரிழை விரிசல். யாரோ ஒருவன் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி முறுக்காமல் ஒன்றையே முதலில் கடைசிவரை முறுக்கியிருக்கிறான். வேறு கார்புரேட்டர்தான் போட வேண்டும்.

மாற்றுக் கார்புரேட்டர் வாங்கப் போகிறவன் பொதுவாக அடிப் போல்ட்டின் இடைவெளியைத்தான் பார்ப்பான். துளைக்குத் துளை பொருந்தினால் வாங்கிவிடுவான். பார்க்க வேண்டியது கழுத்து. காற்று குறுகிப் போகும் அந்த இடத்தின் அளவுதான் என்ஜினுக்கு எவ்வளவு மூச்சு என்று முடிவு செய்கிறது. அளவெடுக்கும் வெர்னியர் அந்த ஆழத்துக்கு எட்டாது. நான் ஒரு மரத்துண்டைக் கூம்பாகச் சீவி, பழைய கார்புரேட்டரின் கழுத்தில் இறக்கி, அது நின்ற இடத்தில் சுற்றிலும் பென்சில் கோடு போட்டுக்கொண்டு, பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே கடைக்காரர் ஒருவர் நான் கூம்பும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "இன்னா பெரியவரே, கார்புரேட்டருக்குக் காது குத்தப் போறியா?" என்றார்.

மூன்று கிடைத்தன. ஒன்று ஜீப்பினுடையது. எளிதில் கிடைப்பதால் எல்லோரும் அதைத்தான் மாட்டுவார்கள். கூம்பு கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. கழுத்து சின்னது. ரோட்டில் ஓடும். தண்ணீர் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு மணி நேரம் முழு வேகத்தில் சுற்ற வேண்டிய என்ஜினுக்கு அந்த மூச்சு போதாது. இரண்டாவது ஏதோ பெரிய பஸ்ஸினுடையது. கூம்பு கோட்டைத் தாண்டி உள்ளே போயிற்று. கழுத்து அகலமானால் காற்று மெதுவாகப் போகும், பெட்ரோலைச் சரியாக உறிஞ்சாது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் ஒரு கணம் மயங்கும். மூன்றாவது பழைய ராணுவ லாரியிலிருந்து கழற்றியது. கூம்பு கோட்டில் வந்து நின்றது. போல்ட் துளையும் பொருந்தியது. உள்ளே இருக்கும் மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் புகுந்த சத்தம் இல்லை. வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் மாட்ட உட்கார்ந்தேன். முதலில் மண்ணெண்ணெயில் கழுவி, ஜெட்களைக் கழற்றி ஊதி, ஊசி வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்த்து, மிதவையின் மட்டத்தைப் பழையதன் அளவுக்கு வைத்தேன். இடுக்கை அடைக்கும் பேக்கிங் தாளை அடிப்பலகை மேல் போட்டு, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரம் முழுக்கத் தட்டித் தட்டி வெட்டினேன். சூடு ஏறாமல் இருக்க நடுவில் வைக்கும் பேக்கலைட் துண்டில் வளைவு இருந்தது. கண்ணாடி மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்து மட்டமாக்கினேன். அவ்வளவும் சரியாகச் செய்தேன். அதை நான் இன்றும் சொல்வேன்.

என்ஜினின் மேனிஃபோல்டு வாயில் உட்கார வைத்தபோதுதான் ஆக்சிலேட்டர் ராடு சேர வேண்டிய கைப்பிடி எதிர்ப் பக்கத்தில் இருப்பது தெரிந்தது. பழையதில் இடது பக்கம், இதில் வலது பக்கம். ராடு வலது பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் சைலென்ஸர் குழாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வளைத்து, நடுவில் ஒரு கட்டை வைத்து, கேஸ் வெல்டிங்கில் பிடிக்க வேண்டும். அரை நாள் வேலை. அந்த நேரம் பார்த்து முதலாளி போன் செய்தார். ஓர் ஆலையில் கூரை வெல்டிங்குக்கு ஆட்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள், வண்டி வராமல் வேலையைத் தொடங்க விடமாட்டேன் என்கிறார்கள், பன்னிரண்டுக்குள் வண்டி போயாக வேண்டும் என்றார்.

கார்புரேட்டரைத் தூக்கி முன்பின்னாகத் திருப்பி வைத்தேன். துளைகள் எப்படியும் பொருந்தும். கைப்பிடி இடது பக்கம் வந்துவிட்டது. ராடு நேராகப் போய் உட்கார்ந்தது. பெட்ரோல் குழாயை மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டேன். திருப்பியதால் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்குப் போயிருந்தது. பார்த்தேன். அதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆயிற்று. ஷெட் தொட்டியிலிருந்து தண்ணீர் இழுத்து நாற்பது நிமிஷம் பம்ப் ஓட்டினோம். பிரஷர் முள் அசையாமல் நின்றது. ஏழுமலை தண்டலம் வரை ஓட்டிவிட்டு வந்து, "மேஸ்திரி, கெழவிக்குப் புதுசா மூச்சு வந்த மாதிரி கீது" என்றார். ஏழுமலைதான் அந்த வண்டியின் டிரைவர். ஒரகடத்துக்கு உள்ளே ஓர் ஏரிக்கரை ஊர் அவருக்கு. அதிகம் பேச மாட்டார். வண்டியைத்தான் கிழவி என்பார்.

தணிகாசலம் சார் எதிரில் நின்று வரிசையாகச் சொன்னேன். கழுத்து அளவு, மிதவை மட்டம், பேக்கிங், போல்ட் எல்லாம். எழுதிக்கொண்டே கேட்டார்.

"பழையது எப்படி இருந்ததோ அப்படியேதானே மாட்டியிருக்கீங்க?"

"அப்படியேதான் சார்."

வாய் தடுமாறவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஒரு விஷயம் என்றே நினைக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வண்டியை ஏரிக்குக் கொண்டுபோய், கரையில் இறக்கி, ஏரித் தண்ணீரை இழுத்துப் பார்ப்பது சார் வைத்திருந்த பழக்கம். அந்தக் கோடையில் எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்து ஏரி சேறாகக் கிடந்தது. சேற்றை இழுத்தால் பம்ப் கெடும் என்று அவரே தள்ளிப் போட்டார். ஆகவே அந்தக் கார்புரேட்டரோடு வண்டி ஓடியது, நின்றது, பம்ப் செய்தது எல்லாம் சமதரையில்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு பிற்பகல். ஏழுமலையின் ஊரில், அட்டைப்பெட்டியும் மரப் பலகையும் அடுக்கி வைத்திருந்த ஒரு திறந்த களத்தில் தீப்பிடித்தது. களத்தின் சுவரை ஒட்டி லைன் வீடுகள். ஆலைகளில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள் வாடகைக்கு இருந்த அறைகள். அரசு வண்டி வர நேரமாகும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள். ஏழுமலை ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், பின்னால் நாலு பேர். டீசல் வண்டி வேறு ஆலையில் நின்றிருந்தது. தணிகாசலம் சார் அதனோடு போயிருந்தார்.

வண்டியில் சுமந்து வந்த தண்ணீர் சில நிமிஷத்துக்குத்தான். அதில் சுவர்ப்பக்கத் தீயைக் கொஞ்சம் அடக்கினோம். பிறகு ஏரிக்கு ஓடினோம். மதகு ஓரம் மட்டும் தண்ணீர் இருந்தது, அதுவும் வெகு கீழே. ஏழுமலை வண்டியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி, கரைச் சரிவில் பின்னாலேயே இறக்கினார். மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. சக்‌ஷன் குழாயைத் தண்ணீரில் போட்டார்கள். பம்ப் பிடித்தது. ஹோஸ் புடைத்தது. களத்தில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அரை நிமிஷம் இருக்கும், என்ஜின் தும்மியது. கார்புரேட்டர் வழியாகத் தும்மல். இரண்டு தும்மல், நின்றுவிட்டது. ஹோஸ் தளர்ந்து தரையில் விழுந்தது.

மறுபடி ஸ்டார்ட். ஐட்லிங்கில் நன்றாக ஓடியது. பம்ப் பிடித்ததும் நின்றது. மறுபடி. மறுபடி. நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். பெட்ரோல் வருகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பிளக்கில் பொறி இருக்கிறது. நாலாவது தடவை என்ஜின் நிற்காமல் ஓடத் தொடங்கியது. ஹோஸ் புடைத்தது. பார்த்தால் டிரைவர் சீட்டில் ஏழுமலை சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

சூடான என்ஜினில் சோக் இழுத்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்து அடியோடு படுத்துவிடும். அது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த பாடம். நான் என் முழுத் தொண்டையில் கத்தினேன். "யோவ் ஏழுமல! சோக்கை விடுய்யா! வண்டியச் சாவடிச்சிடுவ!"

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். சோக்கை உள்ளே தள்ளினார். என்ஜின் தும்மி நின்றது. அதன் பிறகு பேட்டரி இறங்கிவிட்டது.

அரசு வண்டி வந்து தண்ணீர் அடிக்கும்போது ஆறு அறைகள் போய்விட்டன. உள்ளே யாரும் இல்லை, எல்லோரும் ஷிப்ட்டில் இருந்தார்கள். அதுவரைக்கும் நல்லது. வேலையிலிருந்து ஓடி வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "சர்டிபிகேட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் அண்ணாச்சி இருந்துச்சு" என்று யாரையும் பார்க்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். டிப்ளமா படித்த பெண்ணாம்.

வண்டியை டிராக்டர் கட்டி மேலே இழுத்தார்கள். ரோட்டுக்கு வந்ததும், வேறு பேட்டரி வைத்தால், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட். ஷெட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரை இழுத்தால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடுகிறது. முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வண்டி நல்லாத்தான கீது. அப்போ ஓட்டினவன்தான்."

"சார், சோக்கை இழுத்தாத்தான் அதுக்கு உயிரே வந்துது" என்றார் ஏழுமலை.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னது இவ்வளவுதான்: "சூடான என்ஜினுக்கு சோக் இழுக்கக் கூடாது சார்." சரியான பேச்சு. எந்தப் பட்டறையிலும் ஒத்துக்கொள்வார்கள். ஏழுமலையை வீட்டுக்கு அனுப்ப அது போதுமாக இருந்தது. ஊரிலும் நான் கத்தியது பலர் காதில் விழுந்திருந்தது. மெக்கானிக்கே கத்தினாராம், இவன் கேட்கவில்லையாம், குடித்திருந்தானாம் என்று பேச்சு வளர்ந்தது. ஏழுமலை பீடி குடிப்பார். வேறொன்றும் கிடையாது.

நாலு நாள் தேடினேன். பெட்ரோல் பம்ப், வடிகட்டி, டேங்கின் மூடி, காயில், கண்டென்சர். ஒன்றிலும் குறையில்லை. குறை கிடைக்காத வண்டியைப் பார்க்கும்போது எனக்குப் பயம் வரும். ஓசூரில் ஒரு பட்டறையில் ஆள் கேட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலை என் ஸ்பானர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன். அலமாரியில் பழைய கார்புரேட்டர் கிடந்தது. விரிசல் விட்டது, யாருக்கும் உதவாது, பித்தளை ஜெட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன்.

அதன் ஒரு பக்கம் முழுக்க எண்ணெயும் மண்ணும் இறுகிப் படிந்திருந்தது. மறுபக்கம் சுத்தம். ரேடியேட்டர் விசிறி அடிக்கும் புழுதி முன்பக்கத்தில்தான் படியும். மண் படிந்திருந்தது கிண்ணத்தின் மேல். கிண்ணம் முப்பது நாற்பது வருஷமாக முன்னால் இருந்திருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு, கரைச் சரிவில் வண்டி நின்றதைப் போல மூக்குப் பக்கத்தை உயர்த்திச் சாய்த்தேன். கிண்ணம் மேலே போயிற்று. அதிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிக் கழுத்துக்கு வரும். திருப்பிப் பிடித்து மறுபடி சாய்த்தேன். கிண்ணம் கீழே போயிற்று. கழுத்தில் பெட்ரோல் வரும் குழாயின் வாய் மேலே நின்றது. கிண்ணம் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் வாய்க்கு எட்டாது. ஐட்லிங்குக்குத் துளி போதும், அது ஓடும். பம்பைச் சுமக்கும்போது என்ஜின் பட்டினி. தும்மல் பட்டினியின் சத்தம்தான். பெட்ரோல் அதிகமாகியிருந்தால் சைலென்ஸரில் கறுப்புப் புகை வந்திருக்கும். வரவில்லை. என் கண் முன்னால் வரவில்லை.

சோக்கை இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். ஏழுமலை கண்டுபிடித்தது அதைத்தான். அந்த இடத்தில் செய்யக்கூடிய ஒரே சரியான காரியத்தை அவர் செய்துகொண்டிருந்தார்.

ராடை வளைத்து, கட்டை வைத்து, வெல்டிங் பிடித்து, கிண்ணத்தை முன்னால் திருப்பி மாட்டினேன். சொன்னேனே, அரை நாள் ஆயிற்று. வேறு டிரைவரை வைத்துக்கொண்டு அதே கரைக்குப் போய், சக்கரத் தடம் இருந்த அதே இடத்தில் இறக்கினோம். முக்கால் மணி நேரம் ஓடியது. தும்மவில்லை.

திரும்பி வந்தபோது அடுக்கிய பெட்டி ஷெட்டில் அப்படியே இருந்தது. ஓசூர் பஸ் ரோட்டில்தான் போகும், கை காட்டினால் நிற்கும். கொஞ்ச நேரம் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தணிகாசலம் சாரிடம் போனேன்.

"சார், வாயால சொல்லணும்."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். திருப்பி மாட்டியது, 'அப்படியேதான்' என்று சொன்னது, கத்தியது, முதலாளி எதிரில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நோட்டில் முழுதாக எழுதினார். அதற்குக் கீழே, ஏரிக்கரைப் பயிற்சியைத் தள்ளிப் போட்டது தன் பொறுப்பு என்று தானும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி நோட்டைப் படித்துவிட்டு, "இத்த எழுதி வச்சா நாளைக்கு எவன் சார் நம்ம வண்டியக் கூப்டுவான்?" என்றார்.

"எழுதியாச்சுங்க."

"ஏழுமலைய வேணா வரச் சொல்லுங்க. ஊருக்குள்ள மட்டும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

ஏழுமலை வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவர் ஒரு தண்ணீர் டேங்கரில் சேர்ந்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். நின்றபடியே சொன்னேன். கேட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார்.

"இத்தச் சொல்ல அஞ்சு நாளா மேஸ்திரி?"

"வேலைக்கு வரச் சொல்றாரு."

"வேலை கீது எனக்கு. நான் அன்னிக்கிக் குடிக்கலன்னு என் பொண்டாட்டியே நம்ப மாட்டேன்றா. உள்ளதான் கீறா. அவகிட்டச் சொல்லு, எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?"

அவர் போய்விட்டார். அவர் மனைவி கோவிந்தம்மாள் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். கை நிற்கவில்லை. முடிந்ததும் தலையை நிமிர்த்தினார்.

"அன்னிக்கி எங்க நின்னுக்கினு கத்துன?"

"ஏரிக்கரையில."

"வூட்டுக்குள்ள வந்து எங்கிட்டக் குசுகுசுன்னு சொல்ற? அங்கயே போய்க் கத்து."

சாயங்காலம் நாலு மணிக்கு ஏரிக்கரைக் குழாயில் தண்ணீர் வரும். பத்து இருபது பேர் குடத்தோடு நிற்பார்கள். எரிந்த அறைகளில் இருந்தவர்களும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்ததால் அங்கேதான் வருவார்கள். நான் போய் நின்று சத்தமாகச் சொன்னேன். கார்புரேட்டர், கிண்ணம் என்றெல்லாம் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. வண்டி நின்றது என்னால், ஏழுமலை செய்ததுதான் சரி, அவர் குடித்திருக்கவில்லை, தப்பாகக் கத்தியது நான் என்று மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

"இன்னா மேஸ்திரி, இப்ப நீ குடிச்சிட்டு வந்து கீறியா?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

நான் மூன்றாம் தடவையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்தத் திருநெல்வேலிப் பெண் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப அவரு இழுத்துப் பிடிச்சது சரிதானா?"

"சரிதாம்மா."

"நீங்க கத்தாம இருந்தா வண்டி ஓடியிருக்குமோ?"

"ஓடியிருக்கும்."

"என் ரூம் கடைசி ரூம். அதுக்குக் கடைசியாத்தான் பிடிச்சுதாம்." குடத்தைக் குழாயடிக்கு நகர்த்தினாள். "அது நின்னுருக்குமா?"

"நின்னிருக்கலாம்மா" என்றேன்.

குடம் நிரம்பியதும் தூக்கிக்கொண்டு போனாள்.

என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று இருந்தேன். நிறுத்தவில்லை. அந்த என்ஜினுக்கு வேறு ஆள் கிடையாது, அவ்வளவுதான் காரணம். சில ஆலைகள் எங்களைக் கூப்பிடுவதை விட்டன, பிறகு மறந்துபோய்க் கூப்பிட்டன. முதலாளி என்னோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார், கடைசி வரைக்கும். நான் அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். என் வாழ்க்கையில் வேறெங்கும் அவ்வளவு நாள் இருந்ததில்லை. பிடித்துப் போய் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பெட்டியை மறுபடி அடுக்க அலுப்பாக இருந்தது. ஏழுமலை திரும்பி வரவே இல்லை. ஒரகடம் ரோட்டில் டேங்கரில் எதிரே வந்தால் ஹாரனை ஒரு தடவை அடிப்பார். அது வணக்கமா, திட்டா என்று நான் கேட்டதில்லை. நானும் கையைத் தூக்குவேன்.

மேனேஜர் சாருக்கு: போல்ட் துளையைப் பார்த்து வாங்காதீர்கள். மரக்கூம்பு சீவிக் கழுத்தைப் பாருங்கள். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்குங்கள். கிண்ணம் முன்பக்கம் இருக்க வேண்டும். வாசலில் போடும் மேடை மட்டமாகத்தானே இருக்கும், எப்படி மாட்டினால் என்ன என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். ராடு நேராக வராது, அரை நாள் பிடிக்கும், வளைத்துக்கொள்ளுங்கள். விழாவன்று ஸ்டியரிங்கில் ஒருவர் உட்காருவார். வண்டி சோக்கை இழுத்தால்தான் ஓடுகிறது என்று அவர் சொன்னால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் அவர் பெயரையும் அவர் சொன்னதையும் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.